எல்லைப் பலகைக்கு இந்தப் பக்கம்

காப்புக்காட்டுக்குள் இரவு தங்க விரும்புகிறவர் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெற வேண்டும். தனியாளுக்கு அனுமதி கிடையாது. துணைக்கு ஒருவரும் பதிவு பெற்ற வழிகாட்டி ஒருவரும் உடன் இருக்க வேண்டும். இதுதான் விதி. நல்ல விதி. இதுபோன்ற விதிகளைப் பிறருக்குப் படித்துக் காட்டியே அரசு அலுவலகத்தில் பணிக்காலம் முழுவதும் சம்பளம் வாங்கியவள் என்ற முறையில், இதில் ஓட்டை எதுவும் இல்லை என்று என்னால் சான்றளிக்க முடியும். ஆனால் ஓட்டை இல்லாத விதிக்கும் எல்லை என்று ஒன்று உண்டு. காடு முடிகிற இடத்தில் ஒரு பலகை நட்டிருப்பார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் காப்புக்காடு. இந்தப் பக்கம் ரப்பர்த் தோட்டம். நான் இந்தப் பக்கம் கூடாரம் போடுவதென்று தீர்மானித்தேன்.

என் வீடு மலேசியாவின் மேற்குக் கரையோரம், சுவாவில். காரில் ஏறினால் சீக்கிரமே போர்டிக்சன் கடல் வந்துவிடும். ஊரெல்லாம் அங்கே கூடாரம் போட்டுக் கோழி சுட்டுக்கொண்டிருக்க, ஓய்வு பெற்ற ஒரு பெண்பிள்ளை வடக்கே, ஜெலுபு மலைக்காட்டு ஓரத்தில், அதுவும் ஐப்பசி மழையில், தனியாகப் போய்ப் படுப்பானேன் என்று பக்கத்து வீட்டுக்காரம்மா கேட்டார்.

"ஒத்தையாவா போறீங்க டீச்சர்?"

நான் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியதில்லை. இங்கே கண்ணாடி போட்டுக் காதோரம் நரைத்த பெண்கள் எல்லாரும் டீச்சர்தான். ஆமாம் என்றேன். அவர் உள்ளே போய் நான்கு எலுமிச்சம்பழங்களோடு வந்தார். நான்கு சக்கரத்துக்கும் அடியில் வைத்தார். பம்பரில் ஒரு கொத்து வேப்பிலை கட்டி, முன்மூடியில் சந்தனம் குழைத்துப் பொட்டும் வைத்தார். இது நடைமுறைக்கு விரோதம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லாததால் வண்டியை எடுத்தேன். நான்கு பழங்களும் ஒழுங்காக நசுங்கின.

காட்டுப் பயணத்துக்கான கையேட்டில், தூரத்திலிருந்து பார்த்தால் தெரிகிற நிறத்தில் கூடாரமும் மழைக்கோட்டும் வாங்கும்படி சொல்லியிருந்தது. இரண்டையும் மஞ்சளில் வாங்கியிருந்தேன். கையேட்டை எழுதியவருக்கு நம் ஆட்களைத் தெரியாது.

சிரம்பானைத் தாண்டி மலைப்பாதை ஏறத் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. நான் படித்த பூகோளப் புத்தகத்தில், நாட்டிலேயே மிகக் குறைவாக மழை பெய்கிற இடம் ஜெலுபு என்று இருந்தது. பரீட்சையில் அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்தத் தகவல் மேகங்களுக்கு அனுப்பப்படவில்லை போலிருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் தண்ணீர் பாதையின் குறுக்கே பழுப்பாக ஓடியது. மூங்கில் புதர்கள் காரின் கூரையைத் தடவின. மேலே ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தேன். மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் இன்னொன்று, ஒவ்வொன்றும் முன்னதைவிட ஒரு சாயம் வெளுத்து, கடைசி மலை வெறும் புகையாக நின்றது. இந்த மலைகளின் எல்லை வரைபடங்கள் பல வருடம் என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. எல்லாம் சரியாகவே வரையப்பட்டிருந்தன. இது மட்டும் அவற்றில் இல்லை.

தீத்தி என்ற சிற்றூரில் ஒரு சீனர் கடையில் காப்பி குடித்துவிட்டு, தார்ச்சாலை முடிந்து செம்மண் தொடங்குகிற இடம்வரை ஓட்டினேன். தோட்டத்து ஆபீசில் மேனேஜர் இல்லை. தங்குகிற விஷயத்தை மண்டோரே முடிவு செய்யலாம் என்று குமாஸ்தா சொன்னார். வெட்டுக்காரர்களை மேய்க்கிற அந்த மண்டோர் உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மோட்டார்சைக்கிளில் வந்தார். நான் மஞ்சள் கோட்டோடு இறங்கினேன். முடி நனைந்து அவிழ்ந்து கிடந்தது. அவர் என்னைப் பார்த்தார். சந்தனப் பொட்டைப் பார்த்தார். வேப்பிலையைப் பார்த்தார். சாக்கைத் தலையிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எங்கேர்ந்து வரீங்கம்மா?"

"சுவாவிலிருந்து."

"தனியாவா?"

"தனியாத்தான். மூணு நாள் இருக்கலாம்னு."

"மூணு நாளு." அவர் தலையை ஆட்டினார். "முனியாண்டி கோயில் மேட்டுல இருங்க. அங்க தண்ணி ஏறாது. ஒருத்தரும் தொந்தரவு பண்ணாம நான் பாத்துக்கறேன்."

என் பணிக்காலம் முழுவதிலும் ஓர் அனுமதி இவ்வளவு வேகமாகக் கிடைத்து நான் கண்டதில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கோயில் என்பது ஒரு மேடை, ஒரு சூலம், மேலே நான்கு தூணில் தகரக் கூரை. பின்னால் காட்டின் எல்லைப் பலகை. அதற்கும் பின்னால் காடு. கூடாரத்தைக் கட்டி முடிப்பதற்குள் மழை தன் வேலையில் இறங்கிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, ஒழுங்கான மழை. முதலில் மலை உச்சியில் ஒரு இரைச்சல். பிறகு அது மரம் மரமாக இறங்கி வருவது காதில் கேட்கும். கடைசியில் ரப்பர் இலைகளில் விழுந்து, தகரத்தில் விழுந்து, என் துணிக்கூரையில் விழும். கீழே ஓடை நிறம் மாறி உரக்கப் பேசத் தொடங்கியது. கேஸ் அடுப்பில் தேநீர் வைத்து, காலில் உப்புக் கரைசலைத் தடவி அட்டைகளுக்குத் தடையுத்தரவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஒரு இருவாச்சி ஜோடி மழைக்குள்ளேயே ஓடையைக் கடந்து பறந்தது. அதன் இறக்கைச் சத்தம் மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. யாரிடமாவது காட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. நான் பார்த்தது போதுமானதாக இருந்தது.

மறுநாள் விடிகிற நேரத்தில் காட்டுக்குள் உங்கா குரங்குகள் கூவின. ஒன்று தொடங்கும், எதிர் மலையிலிருந்து இன்னொன்று அதை முடித்து வைக்கும். மரப்பட்டை நனைந்திருந்ததால் தோட்டத்தில் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில், லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்களுக்கு வேலை இல்லை. நான்கைந்து பெண்கள் குடையோடு மேட்டுக்கு வந்தார்கள். கூடாரத்துக்குத் தூரத்திலேயே செருப்பைக் கழற்றினார்கள். ஒரு தூக்கில் சோறும் பருப்பும், ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பருப்பில் உப்பு இல்லை. மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். மதியம் வந்த சாம்பாரிலும் உப்பு இல்லை. மஞ்சள் கட்டி விரதம் இருப்பவர்களுக்குத்தான் உப்பில்லாமல் சமைப்பார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

நடைமுறைப்படி உடனே மறுப்பு வெளியிட்டிருக்க வேண்டும். பசி. ஒரு சார்டின் டின்னைத் திறந்து அடுப்பில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து, பால் பிளாஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள். பதினேழு வயதிருக்கும். பள்ளிக்கூட டீ-சட்டை. சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"சாமி சார்டின் சாப்டுமா?"

"சாமி சாப்பிடுமான்னு தெரியாது. எனக்குப் பசிச்சுது."

அவள் சிரித்துவிட்டுத் தகரக் கூரைக்கு அடியில் உட்கார்ந்தாள். "எனக்கு நேத்தே தெரியும்லா. இது டென்ட். போன்ல நெறைய பாத்திருக்கேன். மண்டோர் தாத்தாதான், சுவாலேர்ந்து ஒரு அம்மா வேண்டுதலுக்கு வந்திருக்காங்கன்னு லயம் பூரா சொல்லிட்டாரு."

"நீ இல்லன்னு சொல்லிருக்கலாமே."

"சொன்னா யாரு கேக்கறா? மழை, வெட்டு இல்ல, எல்லாரும் சும்மா ஒக்காந்திருக்காங்க. அவங்களுக்கும் ஏதாச்சும் வேணும்ல."

சார்டினில் பாதியை அவளுக்குக் கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே என் காரைச் சுற்றி வந்து கேள்வி கேட்டாள். இது எத்தனை கியர், மலையில் எந்தக் கியர், இப்படித் தனியாக எதுவரை போகலாம். லைசென்ஸ் எடுக்க வேண்டியதுதானே என்றேன். ஐசி இல்லை என்றாள். அடையாள அட்டை ஏன் இல்லை என்று கேட்டேன். பிறப்புப் பத்திரம் இல்லை என்றாள். அதைச் சொன்னபோது முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பலமுறை சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில்.

லயத்து வீட்டில், வெள்ளத்தில் சாலை அறுந்து கிடந்தபோது பிறந்தவள். அப்பா அதற்கு முன்பே எங்கோ போய்விட்டார். பதிவு செய்யத் தாமதமாகி, தாமதத்துக்குக் காரணம் தேடி, வருடங்கள் ஓடிவிட்டன. பள்ளியில் தலைமையாசிரியர் புண்ணியத்தில் படிக்கிறாள். படிப்பு முடிந்த பிறகு? போர்டிக்சனில் தொழிற்கல்லூரிக்குப் போக வேண்டும் என்று ஆசை. அட்டை இல்லாமல் கல்லூரி இல்லை, லைசென்ஸ் இல்லை, சம்பள வேலை இல்லை.

"அம்மாவுக்கு ஐசி இருக்கா?"

"நீல ஐசி. இங்கேயே பொறந்தது."

"நீலம்னா குடிமகள். அப்ப இதுல சிக்கலே இல்லையே. கல்யாணம் பதிவாகலன்னா அப்பா பேர் இல்லாமலே பதியலாம். பிள்ளைக்கு அம்மாவோட குடியுரிமை."

"அதான் கவுண்டர்லயும் சொன்னாங்க. அம்மா ஒத்துக்கல. அந்த எடத்தக் காலியா விட மாட்டேங்குது." அவள் கையைக் கழுவிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொன்னா கேக்கும். சாமி மாதிரி சொல்லுங்க."

அரசு அதிகாரிபோல நடிப்பது குற்றம். அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. சாமிபோல நடிப்பதற்கு என்ன பிரிவு என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. இருந்தாலும், நான் ரிட்டயர் ஆன ஆபீசர், சாமியாகப் பேச மாட்டேன் என்றேன்.

"என்னா ஆபீசர் நீங்க," என்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

மூன்றாம் நாள் காலையில் அவளுடைய அம்மா வந்தார். மெலிந்த உடம்பு, ஆண்பிள்ளைச் சட்டை, ரப்பர்ப் பால் கறை படிந்த கைகள். தோட்டத்தில் மிஞ்சியிருக்கிற சில தமிழ் வெட்டுக்காரர்களில் ஒருவர். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் காகிதங்கள். மகள் பின்னால் குடையோடு நின்றாள். அவளுக்கு என் மேல் இன்னும் கோபம் தீரவில்லை என்பது குடை சாய்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"சாமி, ஒன்னு கேக்கணும்."

"நான் சாமி இல்லம்மா. ரிட்டயர் ஆன ஆபீசர். ஊர் பாக்க வந்தேன்."

"தெரியும்மா." மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தார். "நேத்து சார்டின் வாசன லயத்துக்கே வந்துச்சு. மண்டோருகிட்ட மட்டும் ஒருத்தரும் சொல்லல. அவரு மனசு கஷ்டப்படும்."

அவரே தொடர்ந்தார்.

"கவுண்டர்ல இருக்கற பொண்ணு நல்ல பொண்ணு. மெதுவாத்தான் சொல்லுச்சு, அப்பா பேர காலியா விடுங்கன்னு. பின்னாடி நிக்கறவங்கெல்லாம் நம்ம ஆளுங்க. அவங்க முன்னாடி எப்படிச் சொல்றது? அதுகூடப் பரவால்ல. எங்க ரெண்டு வீட்டுக்கும் பிடிக்கல. மாரியம்மன் கோயில்ல கட்டி வெக்க மாட்டேன்னுட்டாங்க. இங்க வந்துதான் எனக்குத் தாலி கட்டுனான்." சூலத்தைக் காட்டினார். "சாட்சி இவரு ஒருத்தருதான். காலின்னு எழுதினா இவரப் பொய்யாக்குன மாதிரி இல்லையா?"

"காலியா விட்டா கல்யாணம் நடக்கலன்னு அர்த்தம் இல்ல. பதிவு நடக்கலன்னுதான் அர்த்தம்," என்றேன். வாழ்நாளில் பலருக்குச் சொன்ன வாக்கியம். நன்றாகவே சொன்னேன்.

"அது உங்க மனு பாரத்துல. இவருகிட்ட என்னா அர்த்தம்?"

எனக்குத் தெரிந்த சுற்றறிக்கைகளை மனதுக்குள் ஒருமுறை புரட்டிவிட்டு, நானும் சூலத்தைப் பார்த்தேன்.

பூக் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று அவரே சொன்னார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இலையில் மடித்து மேடையில் போட வேண்டும். சம்பந்தமில்லாத ஒருவர் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் காலியாக விடுவார். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை இனி எடுக்கமாட்டார், மகளும் எடுக்கக்கூடாது. எடுக்க வேண்டியவள் நான். பூக் கொண்டுவர மகள் போனாள்.

அவள் போய் வந்த நேரம் முழுவதும் நானும் அந்த அம்மாவும் ஓடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு பெண்ணின் மீதி வாழ்க்கை பாதிக்குப் பாதி வாய்ப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. பையை வாங்கிக் காகிதங்களைப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தன. பிரசவம் பார்த்த இரண்டு பெண்களின் சத்தியப் பிரமாணம்கூட இருந்தது. மழையில் நனையாமல், பூச்சி அரிக்காமல், இத்தனை வருடம் இந்த மலையடிவாரத்தில் காகிதத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். குளிர்பதன அறையில் நாங்கள் தொலைத்ததை நினைத்துக்கொண்டேன்.

மகள் வாழையிலைப் பொட்டலங்கள் இரண்டைக் கொண்டுவந்து மேடையில் வைத்தாள். ஈரத்தில் இலை வழுக்கி இரண்டிலும் மடிப்பு ஓரம் கொஞ்சம் பிரிந்திருந்தது. ஒன்றில் வெள்ளை இதழ் தெரிந்தது. மற்றதிலும் வெள்ளை இதழ் தெரிந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். நேராக, இமைக்காமல். நடைமுறையில் முறைகேடு கண்ணுக்குத் தெரிந்தால் ஆட்சேபம் எழுப்புவது அதிகாரியின் கடமை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பூ எடுப்பவர் கண்ணை மூட வேண்டும் என்பதும் விதிதானே.

எடுத்தேன். பிரித்தேன். நந்தியாவட்டை.

அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மேடையில் கிடந்த மற்ற பொட்டலத்தை எடுத்தார். அதற்கு என்னைவிட அருகில் உட்கார்ந்திருந்தவர் அவர். பிரிந்திருந்த ஓரத்தை விரலால் மூடி அழுத்தினார். நடந்து போய் ஓடையில் விட்டார். தண்ணீர் அதை உடனே கொண்டு போய்விட்டது.

"பிரிச்சுப் பாக்கலையா?" என்றேன், வாய் சும்மா இராமல்.

"எடுக்காத பூவப் பாக்கக்கூடாது." சட்டை நுனியில் கையைத் துடைத்தார். "அப்பறம் முனியாண்டி கேட்டாருன்னா, நான் பாக்கவே இல்லன்னு சொல்லலாம் பாருங்க."

மகள் குடையை நிமிர்த்தினாள்.

மழை விட்டபோது கூடாரத்தைச் சுருட்டினேன். அம்மா முன்னால், மகள் பின்னால் சட்டிகளுக்கு நடுவில், மூவரும் பட்டணத்துப் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். நான் உள்ளே வந்து ஒரு வார்த்தையும் பேசமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கடினம் என்று அவர்களுக்குத் தெரியாது. வரிசையில் முன்னாலும் பின்னாலும் ஆட்கள். தோட்டத்துத் தெரிந்த முகங்களும் இருந்தன. கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் ஒவ்வொரு காகிதமாகப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, தந்தை பெயர் என்னவென்று மலாயில் கேட்டார்.

"கோசோங்," என்றார் அம்மா. கடையில் சர்க்கரை போடாத தேநீர் கேட்பதற்கு நாம் எல்லாரும் சொல்கிற அதே சொல். காலி. குரலை அவர் தாழ்த்தவில்லை. பிறகு வரிசையின் பக்கம் திரும்பி, யாரும் கேட்காமலே தமிழிலும் சொன்னார்:

"காலிதான். எம் பேரு போதும்."

பல வருடம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன். அந்த வாக்கியத்துக்கு இணையாக ஒன்று நினைவில் இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "முன்ன போம்மா, நல்லா நில்லு," என்று தன் நாற்காலியை நகர்த்தி வழி விட்டார். அவ்வளவுதான் நடந்தது. அம்மா பயந்துகொண்டிருந்த அந்தக் கூட்டம் அதோடு தன் டோக்கன் எண்களைப் பார்க்கத் திரும்பிவிட்டது.

நான் சுவாவுக்குத் திரும்பினேன். கூடாரத்தைக் கொடியில் காயப் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரம்மா எலுமிச்சம்பழத்தின் மகிமையைப் பற்றி விசாரித்தார். நல்ல பலன் என்றேன்.

மகள் வாரம் ஒரு முறை எனக்குச் செய்தி அனுப்புவாள். "இன்னும் வரல ஆபீசர்." நான் பதில் அனுப்புவேன்: "நடைமுறையில் இருக்கிறது, வரும்." பொதுமக்களுக்குப் பல வருடம் கூசாமல் நான் சொன்ன வாக்கியம் அது. அதைக் கண்டுபிடித்தவரை ஒரு முறை நேரில் பார்க்க வேண்டும். தைப்பூசம் போயிற்று. மாசியில் வெயில் ஏறி ரப்பர் மரங்கள் இலை உதிர்த்தன. பங்குனியில் அவள் செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டாள். நான் கேட்டு அனுப்பத் தொடங்கினேன்.

பிறகு ஒரு மதியம் அவள் ஒரு படம் அனுப்பினாள். பிறப்புப் பத்திரம். அவள் பெயர், அம்மாவின் பெயர், குடிமகள் என்று ஒரு வரி. தந்தைக்குரிய இடத்தில், விவரம் கிடைக்கவில்லை என்று அச்சடித்திருந்தது. கூடவே அம்மாவின் குரல்பதிவு ஒன்று: "காலின்னுதானே சொன்னேன், அவங்களே ஏதோ எழுதி வெச்சிருக்காங்க பாருங்க. சரி, போவட்டும். நாளைக்கே ஐசிக்கு மனுப் போடறோம். லைசென்ஸ் எடுத்ததும் ஒங்க வீட்டுக்குத்தான் மொதல்ல ஓட்டிகிட்டு வரணுமாம் அவளுக்கு. ஒத்தையாவாம். கேட்டீங்களா கதைய."

அது சித்திரைப் புத்தாண்டுக்கு முந்தைய திங்கட்கிழமை.